நந்தவனத்தில் கவாத்தும் உரமும்

பிரம்மோற்சவ காலத்தில் எம்பெருமான் திருவீதியில் எழுந்தருளும்போது, ஸேவிக்க வந்த அன்பர்களின் கண்ணும் மனமும் திருமார்பில் அசையும் மல்லிகை மாலையில் சென்று தங்குகின்றன. அம்மாலை எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. பங்குனியில் சாற்றப்படும் மல்லிகைக்கு உரிய வேலை கார்த்திகையிலேயே தொடங்கிவிடுகிறது. அப்போது கொடியேற்றம் இல்லை, கூட்டம் இல்லை, மேளமும் இல்லை. கைங்கர்யபரர் ஒருவர் அரிவாளுடன் நந்தவனத்தில் நின்று, பச்சைப் பசேலென்று செழித்த செடியை முழங்கால் உயரத்திற்கு வெட்டிக்கொண்டிருப்பார். காண்போருக்கு அது அழிவுபோல் தோன்றும். ஆயினும் அவ்வெட்டு இல்லையேல் பங்குனியில் மாலை இல்லை.

புஷ்ப கைங்கர்யத்தின் இப்பகுதி பலராலும் அறியப்படாதது. யாத்திரிகர்களும், தத்தம் ஊர்க் கோயில்களில் நந்தவனம் வளர்க்க விரும்பும் அன்பர்களும் அறிந்து பயன்பெறும் பொருட்டு, பூஞ்செடிகளையும் கொடிகளையும் கவாத்துச் செய்யும் முறையும் உரமிடும் முறையும் இங்கே தொகுத்துரைக்கப்படுகின்றன.

முன்னோர் காட்டிய வழி

ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து வடபத்ரசாயிக்கு மாலை கட்டி ஸமர்ப்பித்தவர் பெரியாழ்வார். அந்நந்தவனத்துத் துளசிச் செடியின் அருகிலேயே ஆண்டாள் அவதரித்தாள். திருமண்டங்குடியில் தோன்றிய விப்ரநாராயணர் திருவரங்கத்தில் நந்தவனம் வளர்த்து, தொண்டரடிப்பொடியாழ்வார் எனத் திருநாமம் பெற்றார். பூக்குடலையைத் தாங்கிய கோலத்திலேயே இன்றும் அவரை ஸேவிக்கிறோம்.

திருமலையில் தங்கிப் புஷ்ப கைங்கர்யம் செய்வார் உளரோ என்று ஸ்ரீ ராமாநுஜர் தம் சீடர்களிடையே வினவியபோது, மலையின் குளிரை எண்ணிப் பலரும் தயங்க, அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து நின்றார் என்பது குருபரம்பரை வழிவந்த வரலாறு. அவர் அங்கே ஏரி வெட்டி, நந்தவனம் அமைத்து, அதற்குத் தம் ஆசார்யன் திருநாமத்தையே சூட்டினார். அவர் மண் வெட்டிய கடப்பாரை இன்றும் திருமலைக் கோயிலின் மஹாத்வாரத்தில் தொங்குகிறது. மலர்த் தொண்டின் அடையாளமாக அங்கே வைத்துப் போற்றப்படுவது பூக்கூடை அன்று, கடப்பாரை என்பது சிந்திக்கத்தக்கது. மலர் பறிப்பது இத்தொண்டின் கடைசிப் படி. மண் வெட்டுதல், நீர் பாய்ச்சுதல், கிளை கழித்தல், எரு இடுதல் ஆகிய அனைத்தும் அதற்கு முற்பட்ட படிகள்.

கவாத்து ஏன் வேண்டும்?

பகவானுக்கென்று வளர்த்த செடியை வெட்டுவது தகுமோ என்று தயங்கும் அன்பர்கள் உண்டு. அத்தயக்கத்தால் பல நந்தவனங்களில் மல்லிகை ஆள் உயரம் வளர்ந்து, அடியில் காய்ந்த குச்சியும் மேலே அடர்ந்த இலையுமாக நிற்கிறது. பூவோ கைப்பிடி அளவுகூடத் தேறுவதில்லை. பிறகு கடைத்தெருவில் மாலை வாங்கிச் சாற்றும் நிலை ஏற்படுகிறது.

இதன் காரணம் செடியின் இயல்பிலேயே இருக்கிறது. மல்லிகை, முல்லை, ஜாதி ஆகியவை அவ்வாண்டு புதிதாகத் துளிர்த்த கிளைகளில்தான் அரும்பு வைக்கும். முற்றிய பழங்கிளை தானாகப் பூப்பதில்லை. அதிலிருந்து புதுத்துளிர் கிளம்பினால்தான் பூ உண்டு. மேலும், ஒவ்வொரு கிளையின் நுனிக்கொழுந்திலும் ஆக்ஸின் என்னும் ஊக்கப்பொருள் சுரக்கிறது. அது கீழ்நோக்கி இறங்கி, கணுக்களில் உள்ள பக்க மொட்டுகளை உறங்கவைக்கிறது. நுனியை வெட்டியதும் அத்தடை நீங்குகிறது. உறங்கிய மொட்டுகள் விழித்துப் பல கிளைகளாகப் பிரிகின்றன. நுனிகள் பெருகப் பெருக அரும்புகளும் பெருகுகின்றன.

அடர்ந்த கிளைகளைக் கழிப்பதால் வெயிலும் காற்றும் செடியின் உள்ளே புகுகின்றன. பூச்சியும் நோயும் குறைகின்றன. பூப்பறிப்போரின் கைக்கு எட்டும் உயரத்தில் செடி நிற்பதும் ஒரு பயனே.

ஆகவே கவாத்து என்பது செடிக்குச் செய்யும் தீங்கு அன்று. உரிய காலத்தில் செய்யப்படுமாயின் அது நீர் வார்ப்பதற்கு ஒப்பான தொண்டே ஆகும்.

உரிய காலம் எது?

கவாத்தில் மிக முக்கியமானது காலம். மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகை நடுவில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டவேண்டும். இவ்வாறு வெட்டிய செடி மார்கழி, தை மாதங்களில் துளிர்த்து, மாசிக் கடைசியில் அரும்பு காட்டி, பங்குனி முதல் கோடை முழுவதும் பூக்கும்.

முல்லையை ஜனவரி கடைசி வாரத்தில், அதாவது தை நடுவில், 45 செ.மீ. உயரத்தில் வெட்டுவது வழக்கம். பிச்சி எனப்படும் ஜாதிமல்லிகைக்கு மார்கழிக் கடைசியிலிருந்து தை வரை ஏற்ற காலம். மல்லிகை ஓயும் வேளையில் முல்லையும் ஜாதியும் கைகொடுக்கும். மூன்றையும் ஒருசேர வளர்க்கும் நந்தவனத்தில் ஆண்டின் பெரும்பகுதிக்கு வெண்மலர்களுக்குக் குறைவிராது.

இவ்விடத்தில் பல ஊர்களில் நேரும் ஒரு தவற்றைக் குறிப்பிட வேண்டும். உற்சவத்திற்குப் பத்து, பதினைந்து நாள் முன்னர் கோயிலைச் சுத்தம் செய்கையில், நந்தவனத்தையும் 'சீர்செய்வதாக' எண்ணிச் செடிகளை ஒழுங்காக வெட்டிவிடுகின்றனர். மாசியில் அவ்வாறு வெட்டப்படும் மல்லிகையில் அப்போதுதான் அரும்பு தோன்றியிருக்கும். அரும்பு முழுவதும் குப்பையோடு போய்விடும். தோட்டம் பார்வைக்கு அழகாக இருக்கும். திருமேனிக்குச் சாற்ற மலர் இராது. உற்சவத்திற்கு முன்பு செய்யத்தக்கது களை எடுத்தலும், காய்ந்த இலையை அகற்றலும், நீர் பாய்ச்சலுமே. அரிவாள் அப்போது செடியைத் தீண்டலாகாது.

வணிகத்திற்காகப் பூ வளர்ப்போர் தோட்டம் முழுவதையும் ஒரே சமயத்தில் வெட்டுவர். கோயிலின் தேவை வேறு. அதற்கு ஒரே நாளில் கூடை கூடையாகப் பூ வேண்டுவதில்லை. நித்திய திருவாராதனத்திற்கு நாள்தோறும் வேண்டும். ஆகையால் செடிகளை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு வார இடைவெளியில் ஒவ்வொரு பகுதியாகக் கவாத்துச் செய்தல் நன்று. பூக்கும் காலமும் அதற்கேற்ப முன்னும் பின்னுமாக நீளும்.

மார்கழியில் மல்லிகை ஓய்ந்திருக்கும். அக்காலத்திற்குச் சாமந்தியே துணை. பகல் குறுகி இரவு நீளும்போதுதான் சாமந்தி அரும்பு வைக்கும். நந்தியாவட்டையும் அரளியும் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் மலரும். துளசிக்கோ எக்காலமும் உற்சவ காலமே.

வெட்டும் முறை

1. கவாத்திற்குப் பத்து, பதினைந்து நாள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட வேண்டும். செடி வளர்ச்சியை அடக்கி ஓய்வுநிலையை அடையும்.

2. மழை பெய்யாத நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெட்டுவாயில் நீர் தங்கினால் பூசணம் பற்றும்.

3. அரிவாளோ கவாத்துக் கத்தரியோ, எதுவாயினும் கூர்மையாக இருத்தல் அவசியம். மழுங்கிய கருவி கிளையை நசுக்கும். நசுங்கிய இடம் அழுகும். நோயுற்ற செடியை வெட்டிய கருவியைத் துடைத்துத் தூய்மை செய்த பின்பே அடுத்த செடிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

4. முதலில் காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்கவேண்டும். பின்னர் எஞ்சிய கிளைகளைக் குறித்த உயரத்தில், ஒரு கணுவிற்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டவேண்டும். அக்கணு செடியின் வெளிப்புறம் நோக்கியதாக இருந்தால் புதுக்கிளை வெளியே விரியும்; செடியின் நடுப்பகுதி திறந்திருக்கும்.

5. எஞ்சிய இலைகளையும் உருவிவிடலாம். பருத்த கிளைகளின் வெட்டுவாயில் போர்டோப் பசையைத் தடவுதல் நலம்.

6. வெட்டிய கிளைகளில் நோயற்றவற்றைப் பதர்போல் எறிய வேண்டியதில்லை. மிக இளசாகவும் மிக முற்றியதாகவும் இல்லாத குச்சிகளை ஈர மணலில் நட்டு வேர்பிடிக்கச் செய்யலாம். கோயிலுக்கு நாற்று வாங்கும் செலவு இதனால் மீதமாகும்.

நட்டு நன்கு வேரூன்றாத இளஞ்செடிக்கு இத்தகைய கடுங்கவாத்து ஆகாது. அதற்கு நுனியை மட்டும் கிள்ளிவிட்டால் போதும். பக்கக் கிளைகள் பெருகும்.

மற்றச் செடிகளும் கொடிகளும்

எல்லாச் செடிகளையும் ஒரே விதியால் அளக்கலாகாது. ரோஜாவை ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசி ஐப்பசியை ஒட்டி, முந்திய பருவத்துக் கிளைகளைப் பாதியளவு வெட்டி, வலுவற்ற குச்சிகளை நீக்கவேண்டும். ஒட்டுச்செடியாயின், ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களை அவ்வப்போது கிள்ளி எறியவேண்டும். இன்றேல் அவை மேலே உள்ள நல்ல ரகத்தை நாளடைவில் அழித்துவிடும்.

அரளி கிளை நுனிகளில் கொத்தாகப் பூப்பது. ஒரு பருவப் பூ ஓய்ந்ததும் கிளைகளை ஓரளவு குறைத்துவிட்டால் மீண்டும் துளிர்த்துப் பூக்கும். ஆனால் அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. வெட்டிய பின் கைகளை நன்கு கழுவவேண்டும். கழித்த கிளைகளைக் கோசாலைப் பசுக்கள் எட்டும் இடத்தில் போடவே கூடாது.

குருக்கத்தி எனப்படும் மாதவிக்கொடி ஸ்ரீவைஷ்ணவர்களுக்குத் தனிச் சிறப்புடையது. திருக்கடல்மல்லையில் பூதத்தாழ்வார் அவதரித்தது குருக்கத்தி மலரில். இக்கொடி பருத்து மரமேறும் இயல்பினது. பூத்து முடிந்தவுடன் இதனைக் கழிக்கவேண்டும். அரும்பும் காலத்தை நெருங்கி வெட்டினால் அவ்வாண்டுப் பூவை இழக்க நேரும். கொடிகளைப் பந்தலில் ஏற்றும்போது அடியிலிருந்து இரண்டு மூன்று வலுவான தண்டுகளை மட்டும் விட்டு, மற்றவற்றை நீக்கவேண்டும். பந்தலின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் கொடியில் மேலடுக்கு மட்டுமே வெயில் பெறும். கீழடுக்கு காய்ந்து சருகாகும்.

செண்பகம் மரவகை. அதனை மல்லிகைபோல் மொட்டையடிக்கலாகாது. காய்ந்த கிளைகளை நீக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

துளசியில் கதிர் முற்றி விதையானால் இலை சிறுத்துச் செடி விரைவில் முதுமை அடையும். கதிர்களை இளமையிலேயே கொழுந்தோடு கிள்ளித் திருவாராதனத்திற்குப் பயன்படுத்தினால் செடி மீண்டும் மீண்டும் தழைக்கும். இங்கே கைங்கர்யமே கவாத்தாகவும் அமைகிறது. துவாதசியில் துளசி பறிப்பதில்லை என்னும் மரபை அனுசரித்து, முதல்நாளே வேண்டிய அளவு எடுத்துவைத்துக்கொள்வது வழக்கம்.

உரமிடும் முறை

வெட்டிய செடிக்கு உணவு வேண்டும். கவாத்துச் செய்து உரமிடாமல் விடுவது, உபவாசம் இருந்தவருக்குப் பாரணை அளியாததற்கு ஒப்பாகும்.

உரங்களில் முதன்மையானது நன்கு மக்கிய தொழுவுரம். வளர்ந்த மல்லிகைச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழுவுரம் இடவேண்டும். மக்காத பச்சைச் சாணத்தை வேரில் இட்டால் வெப்பத்தால் வேர் கருகும், கரையானும் சேரும்.

இதனுடன் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் இடுமாறு வேளாண்மைத் துறையினர் பரிந்துரைக்கின்றனர். கடையில் கிடைக்கும் உரக்கணக்கில் இது ஏறத்தாழ யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம் ஆகும். இதனை இரு சம பங்காக்கி, ஒரு பங்கைக் கவாத்து முடிந்ததும், மறு பங்கை ஆனி ஆடியிலும் இடவேண்டும்.

மூன்று சத்துகளுக்கும் பணி வேறுவேறு. தழைச்சத்து இலையையும் தண்டையும் வளர்க்கும். மணிச்சத்து வேரை ஊன்றச் செய்து பூப்பதற்குத் துணைநிற்கும். சாம்பல்சத்து செடிக்கு உறுதியும், வறட்சியையும் நோயையும் தாங்கும் ஆற்றலும் தரும். பூக்கவில்லையே என்று கவலையுற்று யூரியாவை மட்டும் அள்ளி இடுவோர் உளர். செடி மேலும் பசுமையாகும். பூவோ மேலும் குறையும். இலை மிகுந்து பூ குறைந்த செடிக்கு யூரியாவைக் குறைப்பதே மருந்து.

இரசாயன உரத்தை விரும்பாத கோயில்களில் தொழுவுரத்தை மிகுதியாக்கி, வேப்பம் பிண்ணாக்கும் கடலைப் பிண்ணாக்கும் சேர்க்கலாம். இவை மெதுவாகப் பயன் தரும். ஆகவே காலத்தில் முந்திக்கொள்ள வேண்டும்.

உரத்தைத் தண்டின்மேல் கொட்டலாகாது. உணவை உறிஞ்சும் நுண்வேர்கள் தண்டிலிருந்து சற்று விலகியே இருக்கும். தண்டிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி, வட்டமாக ஆழமற்ற பள்ளம் பறித்து, உரமிட்டு, மண்மூடி, உடனே நீர் பாய்ச்சவேண்டும்.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மல்லிகையின் இளந்தளிர் வெளிறும்; நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இது இரும்புச்சத்துக் குறையின் அடையாளம். அன்னபேதி உப்பை ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து இலைகளில் தெளித்தால் பசுமை திரும்பும். கோடையில் இலையின் அடிப்புறத்தில் செம்பேன் பற்றினால், நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிக்கலாம். அவ்வாறு தெளித்த செடியின் மலரைச் சில நாள் வரை திருவாராதனத்திற்கு எடுக்காதிருத்தல் முறை.

நிர்மால்யமும் எருவும்

திருமேனியிலிருந்து களைந்த மாலைகள் காலில் மிதிபடலாகாது என்பது பெரியோர் கொள்கை. பல கோயில்களில் அவற்றைச் செடிகளின் அடியிலேயே சேர்ப்பர். கோயில் வழக்கம் இடந்தருமாயின், நந்தவனத்தின் ஒரு மூலையில் குழி எடுத்து, ஓர் அடுக்கு நிர்மால்யம், ஓர் அடுக்குச் சாணம், சிறிது மண் என மாறிமாறி இட்டு, ஈரம் காயாமல் காத்து, இடையிடையே புரட்டிவந்தால் சில மாதங்களில் நல்ல எரு கிடைக்கும்.

ஆனால் இதற்கு ஒரு நியமம் உண்டு. வாழைநாரில் தொடுத்த மாலை முழுவதும் மக்கும். நைலான் நூலும், ஜரிகையும், பிளாஸ்டிக் மணியும் மக்குவதில்லை. அவை எருவோடு சென்று வேரைச் சுற்றிக்கொள்ளும். மாலை ஸமர்ப்பிக்க விரும்பும் யாத்திரிகர்கள் வாழைநாரில் தொடுத்த மாலையையே கேட்டு வாங்குவார்களாயின், அம்மலர் எம்பெருமானுக்கு ஒருமுறையும், மண்ணாகி மறுமலருக்கு உரமாக மறுமுறையும் பயன்படும்.

மொட்டுப் பறிக்கும் நியமம்

பறிப்பதும் ஒரு கலையே. மல்லிகை பெரும்பாலும் மும்மூன்று அரும்புகளாகக் கொத்து வைக்கும். நடு அரும்பு முதலில் முற்றும். பக்கத்தவை பின்னர் முற்றும். அவசரத்தில் கொத்தோடு கிள்ளுவோர் ஒரு மலருக்காக இரண்டு மலர்களை இழக்கின்றனர். கதிரவன் எழுமுன், முற்றி வெளுத்த அரும்பை மட்டும் காம்போடு மெல்ல எடுத்தால், அது மாலையில் திருமேனியிலேயே மலர்ந்து மணக்கும். கூட்டமாகச் சென்று செடியை வளைத்துப் பறிப்பதால் இளந்துளிர் முறியும். மலர் பறிக்கும் பாக்கியத்தைப் பெறும் சிறுவர் சிறுமியருக்கு இதனை முதலிலேயே கற்பித்தல் வேண்டும்.

அன்பர்கள் செய்யத்தக்கது

உற்சவ நாளில் மாலை ஸமர்ப்பிப்போர் பலர். அது சிறந்ததே. ஆயினும் நந்தவனத்திற்கு உதவி வேண்டப்படும் நாள் உற்சவ நாள் அன்று. கார்த்திகையில் ஒரு வண்டித் தொழுவுரம், ஒரு நாள் கூலி, ஒரு நல்ல கவாத்துக் கத்தரி, கிணற்று மோட்டார் பழுதானால் அதனைச் செப்பனிடும் செலவு ஆகியவையே நந்தவனத்தைக் காப்பன. பொருள் இயலாதோர், ஊர் திரும்பியபின் அருகிலுள்ள கோயிலில் வாரம் ஒருநாள் களை எடுக்கலாம், நீர் சுமக்கலாம். நந்தவனம் இல்லாத கோயிலாயின், ஒரு துளசி மாடமும் நான்கு மல்லிகைச் செடியுமே தொடக்கத்திற்குப் போதும்.

இவ்வாண்டு உற்சவத்தில் எம்பெருமானின் திருமார்பில் மல்லிகை மாலையை ஸேவிக்கும் அன்பர்கள், கார்த்திகைக் குளிரில் அச்செடியை வெட்டி, எருவிட்டு, நீர் வார்த்த கைகளையும் ஒருகணம் நினைவார்களாக. வரும் கார்த்திகையில் தங்கள் கைகளையும் அவற்றோடு சேர்த்துக்கொள்வார்களாக.